எனக்கெண்டு போட்ட பற்றறி

"இந்த அறை இருட்டாக் கிடக்கு" என்று ஒரு மனிதர் என்னைப் பார்த்துச் சொன்னார். "ஓம், டிசம்பர்தானே" என்று சொல்லிவிட்டு நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் போகவில்லை. கையிலிருந்த புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "எழுத்துத் தெரியேல்ல" என்றார். "அப்ப கண்ணாடி மாத்த வேணும் போல" என்றேன். அவர் பெருமூச்சு விட்டபடி வெளியே போய்விட்டார். பின்னால் நின்ற போர்த்துக்கேயப் பெண், என்னோடு வேலை செய்பவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் லைற்றைப் போடச் சொல்லிக் கேட்டாராம். எனக்குத்தான் விளங்கவில்லையாம்.

கேட்டாராம்! சுவிற்ச் அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அறையின் மற்ற மூலையில் நின்றேன்.

அது சூரிச்சில் ஒரு யூத முதியோர் இல்லம். இரண்டாயிரத்து ஒன்பதில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வருடம் எங்கள் சனத்தின் மனம் எந்த நிலையில் இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. வீட்டில் இருந்து செய்தி பார்த்தால் விசர் பிடித்துவிடும் என்றுதான் கிடைத்த வேலைக்கு ஓம் என்றேன். ஊஸ்டர் வீட்டில் இருந்து றெயின், பிறகு ட்ராம். சாப்பாட்டு மண்டபம், சலவை, மாடிப்படிகள் எல்லாம் என் பொறுப்பு. மற்றவர்கள் சனிக்கிழமை வேலைக்கு முகம் சுளிப்பார்கள். எனக்கு வெள்ளியும் சனியும் நிரந்தரமாக எழுதிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவர்களுக்குச் சபாத் என்ற ஓய்வுநாள் தொடங்கிவிடும். சனி இருட்டும் மட்டும் நெருப்பு மூட்டக்கூடாது, சுவிற்ச் தொடக்கூடாது, எழுதக்கூடாது, கடைக்குப் போகக்கூடாது. இதெல்லாம் எனக்குப் பெரிய புதினம் இல்லை. விரதம், துடக்கு, ராகுகாலம் பார்த்து வளர்ந்த ஆள் நான். லைற்றுகள் நேரத்துக்குத் தாமாக எரிந்து தாமாக அணையும். லிப்ற் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போகும். அழுக்குத் துணி வண்டியோடு நான் அதற்குள் நின்று பட்ட ஆக்கினை கொஞ்சமில்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாமல் இருந்தது அந்தச் சாடைப் பேச்சுத்தான். தாங்கள் செய்யக்கூடாததை எங்களைப் போன்ற வேற்றுச் சமயத்தவரிடம் "செய்" என்று சொல்லவும் கூடாதாம். ஆனால் இருட்டாக இருக்கிறது என்று காற்றைப் பார்த்துச் சொல்லலாமாம். அதையும் எல்லா விஷயத்துக்கும் சொல்ல முடியாதாம், அதற்கு வேறு கணக்காம். வாயைத் திறந்து கேட்டால் ஒரு நொடியில் முடிகிற வேலைக்கு நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் விடுகதை அவிழ்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் நாள் என்னிடம் இருட்டைப் பற்றி முறையிட்ட மனிதர்தான் அங்கே வெள்ளி மாலை வழிபாட்டை நடத்துகிறவர். நாற்பது வயது இருக்கும். கிழமை நாட்களில் ஏதோ காப்புறுதிக் கந்தோரில் வேலை. வெள்ளிக்கிழமை கறுப்புத் தொப்பியோடு நடந்து வருவார். ட்ராமில் ஏறமாட்டார், மழையில் குடை பிடிக்கமாட்டார், நனைந்து ஒழுகிக்கொண்டு வந்து நான் துடைத்து வைத்த நிலத்தில் நிற்பார். ஆனால் குரல் என்றால் குரல். கோயிலில் தேவாரம் பாடுகிறவரைப் போல அடிவயிற்றிலிருந்து எடுப்பார். அதனால் எனக்குள் அவருக்கு ஓதுவார் என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஓதுவாரின் வேலை இதுதான். சாப்பாட்டுக்கு முன் திராட்சை ரசம் நிறைந்த வெள்ளிக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, அந்த நாளை வாழ்த்தி ஓத வேண்டும். கிடூஷ் என்று சொல்வார்கள். கேட்கிறவர்கள் காதால் கேட்டால் போதும், தாங்களே ஓதியதாகிவிடும். அது முடியாமல் ஒருவரும் பாணில் கை வைக்கமாட்டார்கள். ஓதுவார் அழகாகப் பாடிவிட்டு, ஒரு துளியும் குடிக்காமல் கிண்ணத்தைப் பக்கத்தில் இருக்கும் கிழவரிடம் நீட்டுவார். அவருடைய மனைவி பிள்ளைகள் வீட்டில் பசியோடு இருக்கிறார்களாம். திரும்ப அவ்வளவு தூரமும் நடந்து போய் அங்கே அவர்களுக்காக இன்னொரு தரம் பாடி, அங்கேதான் குடித்துச் சாப்பிடுவாராம். பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டுத் தான் வெறும் வயிற்றோடு போகிற மனிதர். அதைக் கேட்ட பிறகு நிலத்தில் ஒழுகும் தண்ணீரைப் பற்றி நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் மாடியில் ஒரு அம்மா இருந்தார். கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முகத்துக்கு நேரே நான் ஃப்ராவ் என்று மரியாதையாகக் கூப்பிடுவேன், மனதுக்குள் ரீச்சர். பிள்ளைகள் இல்லை, கணவர் இறந்துவிட்டார். காது மெஷின் இல்லாவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. ஆனால் மூளை கத்தி. நான் ஜெர்மன் கதைத்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் திருத்தம் சொல்லுவார். படுக்கை விரிப்பு மாற்றப் போன இடத்தில் இலக்கணப் பாடம். முதலில் எரிச்சல்தான் வந்தது. "ரீ குடிக்கிறியளோ" என்று கேட்பார். "வேண்டாம்" என்பேன். எங்கள் ஆட்கள் என்றால் இன்னும் இரண்டு தரம் கேட்பார்கள், மூன்றாம் தரம் கையில் தருவார்கள். ரீச்சர் "சரி" என்று சொல்லித் தன் ரீயைத் தான் குடிப்பார். வேண்டாம் என்றால் வேண்டாம்தானாம். இப்படி எத்தனை ரீயை இழந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஓதுவாருக்கு ரீச்சரால் பெரிய கரைச்சல் இருந்தது. ஓதத் தெரியாதவர்களுக்காக, மறந்துபோனவர்களுக்காக, அவர் பாடலாம். தெரிந்தவர் தானே ஓத வேண்டும் என்பது சட்டமாம். மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தங்கள் பெயரே மறந்துகொண்டிருந்தது, அவர்களுக்காகப் பாடுவதில் சிக்கலில்லை. ரீச்சருக்கோ ஒவ்வொரு எழுத்தும் மனப்பாடம். ஓதுவார் ஒரு சொல்லைச் சரியாக அழுத்தாவிட்டால் மேசையில் விரலால் தட்டுவார். அவ்வளவு தெரிந்தவர் ஏன் தானே சொல்லக்கூடாது என்று ஓதுவார் நயமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். சின்ன வயதில் அப்பாவின் வாயால் கேட்டேன், பிறகு புருஷனின் வாயால் கேட்டேன், என் வாய்க்கு அது பழக்கமில்லை என்று ரீச்சர் சொல்லிவிட்டார். விட்டுக்கொடுக்கும் கருத்தும் ஒன்று இருக்கிறதாம், ஓதுவார் அதைப் பிடித்துக்கொண்டு அவருக்கும் சேர்த்துப் பாடினார். வாரம் முழுக்க அவர் காத்திருப்பது அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான். அதைக் கேட்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பதைப் பார்த்தால் எங்கே போய்விட்டு வருகிறார் என்று தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஓதுவார் கிண்ணத்தைத் தூக்கி முதல் வரியை எடுத்தார். ரீச்சர் கையை உயர்த்தி நிறுத்தினார். காதைக் காட்டித் தலையை ஆட்டினார்.

ஓதுவார் என்னைப் பார்த்து, அம்மாவுக்குக் கேட்கவில்லை என்றார். அப்படியென்றால் கொஞ்சம் சத்தமாகப் பாடுங்கோ என்றேன். பாவம், பாடினார். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ரீச்சர் இல்லை என்று தலையாட்டினார். ஓதுவார் இப்போது சுவரைப் பார்த்து, அந்தச் சின்ன மெஷின்களின் பற்றறி அதிக நாள் நிற்பதில்லை என்று பொதுவாக ஒரு கருத்துச் சொன்னார். பற்றறி மாற்றுவதும் அவர்களுக்குச் சுவிற்ச் தொட்ட கணக்குத்தான். அந்த நேரம் எனக்குச் சாடை விளங்கும் வயது வந்திருந்தது. கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு ஓடினேன். லிப்ற் இரண்டாம் மாடியில் தன் பாட்டில் நின்றுகொண்டிருந்தது, படியால் ஏறினேன். ரீச்சரின் அறையில் மேசை லாச்சியை இழுத்தேன், புதுப் பற்றறி இருந்தது. கீழே ஓடி வந்து, மெஷினில் போட்டு, ரீச்சரின் காதில் நானே வைத்துவிட்டேன். ரீச்சரின் முகம் மலர்ந்தது.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் நாங்கள் எப்படி வளர்ந்தவர்கள்? வீட்டுக்கு ஆள் வந்தால், "உங்களுக்கெண்டுதான் இறால் வாங்கினனான்" என்று சொல்லித்தான் வைப்போம். நேற்றே வாங்கி வைத்த இறாலாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வோம். சொல்லாவிட்டால் வந்தவருக்கு என்ன மரியாதை? நான் மூச்சிரைக்க, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"உங்களுக்காகத்தான் மேல மட்டும் ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வந்தனான்."

ரீச்சர் என்னைப் பார்த்தார். "எனக்காகவோ?" என்று கேட்டார்.

"வேற ஆருக்காக?" என்றேன்.

ஓதுவார் கண்ணை மூடிக்கொண்டார். ரீச்சர் மெதுவாகக் காதிலிருந்து மெஷினைக் கழற்றி மேசை விரிப்பில் வைத்தார். பிறகு ஓதுவார் மற்றவர்களுக்காகப் பாடினார். ரீச்சர் ஒன்றும் கேட்காமல் அந்தப் பாட்டு முடியும் மட்டும் தன் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழும்பி, சாப்பிடாமல் மேலே போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல ஏலாது. சூப்பை ஒரு கோப்பையில் ஊற்றிக்கொண்டு மேலே போனேன். கிடூஷ் கேட்காமல் எப்படிச் சாப்பிடுவது என்று கையை விரித்தார். நீங்களே அதை ஓதிவிட்டுச் சாப்பிடுங்கோ என்று வாயை அகலத் திறந்து திறந்து சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்டறியாத சட்டம் என்று தமிழில் திட்டிக்கொண்டே சூப்பைத் திரும்பத் தூக்கி வந்தேன். ஓடி ஓடி உதவி செய்தவளுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கமாக வேலைக்குப் போவதில்லை. அந்த ஞாயிறு ஒருத்திக்குச் சுகமில்லை என்று கூப்பிட்டார்கள். ரீச்சரைப் பார்க்க வந்த ஓதுவார் படிக்கட்டில் என்னைக் கண்டு நின்றார். அன்றைக்குச் சபாத் இல்லை என்பதால் மனிதர் முதல் தடவையாக என்னோடு நேராகக் கதைத்தார். காது கேளாமையை நோய் என்று எடுத்துக்கொண்டு, நோயாளிக்கு உதவி கேட்பதுபோல என்னை நேராகவே கேட்கலாம் என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்களாம். அதை ரீச்சரிடம் சொன்னதற்கு, நான் நோயாளி இல்லை, கிழவி என்று சொல்லிவிட்டாராம். அதனால் அவருக்குக் கடும் சட்டம்தான். சபாத்தில் ஒரு வேற்றுச் சமயத்தவர் ரீச்சருக்காக ஒன்றைச் செய்தால், ரீச்சர் அதை அனுபவிக்க முடியாது.

"ஆனா நீங்கள் உங்களுக்காக ஒண்டைச் செய்தால், அதில அவவும் பங்கெடுக்கலாம்" என்றார். "நீங்கள் இருந்து வாசிக்கிறதுக்கு லைற் போட்டால், அந்த வெளிச்சத்தில நாங்களும் வாசிக்கலாம்."

"சரி, இனி எனக்காகச் செய்தனான் எண்டு சொல்லிவிடுறன்."

"சொன்னாக் காணாது. உண்மையா இருக்க வேணும்."

அவவின் காதுக்குள்ளே எனக்காக ஒரு பற்றறியைப் போடுவது எப்படி என்று கேட்டேன். ஓதுவார் தாடியைத் தடவி யோசித்தார். காப்புறுதிக் கந்தோரில் இதைவிடச் சிக்கலான கேள்விகள் வராது என்று நினைக்கிறேன். கடைசியில் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு நொஷாட்டலில் படிக்கும் மகளோடு போனில் கதைக்கும்போது இந்த விழல் கதையைச் சொல்லிப் பொருமினேன். அவள் இங்கே பிறந்தவள். என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "அம்மா, நீங்கள் உங்களுக்கெண்டு செய்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கோ பாப்பம்" என்றாள்.

இதென்ன பேய்க்கதை என்று நினைத்தேன். எத்தனையோ இருக்கும்தானே. புதுக் குளிர்ச் சட்டை வாங்கினேன் என்றேன். அது பழையதோடு கலியாண வீட்டுக்கு வந்தால் ஆட்கள் கதைப்பார்கள் என்று வாங்கியது என்று அவளே சொன்னாள். ரீ என்று தொடங்கினேன். தனியாக இருந்தால் நான் ரீ போடுவதில்லை, ஆரும் வந்தால்தான் போடுவேன். கடைசியில், இந்த வேலைக்குப் போகிறேனே என்றேன். அதோடு நிற்காமல், "அதுவும் உன்ர படிப்புக்காகத்தான்" என்று என் வாய் தானாகச் சொன்னது.

மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "எனக்காக எனக்காக எண்டு சொல்லிச் சொல்லித் தந்தால் நான் அதை எப்பிடியம்மா சாப்பிடுறது?" என்றாள். எனக்குச் சுரீர் என்றது. சரி, றெயின் சத்தத்தில் விளங்கவில்லை, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். நான் நின்றது குசினியில், அங்கே ஏது றெயின்?

அடுத்த கிழமையிலிருந்து நான் ஒரு வழி செய்தேன். வெள்ளிக்கிழமை பொழுது சாய முன்னரே ரீச்சரின் அறைக்குப் போய்ப் பழைய பற்றறியை எடுத்துப் புதியதைப் போட்டுவிடுவேன். சபாத் தொடங்க முதல் ஆர் ஆருக்காகச் செய்தாலும் கேள்வியில்லை. போன இடத்தில் ஒரு பத்து நிமிடம் இருப்போம். இன்றைக்கு என்ன சமைத்தீர்கள், மகள் என்ன சொல்கிறாள், ஏன் முகம் வாடிக் கிடக்கிறது என்று அவர் கேட்பார். நான் சொல்லச் சொல்லத் திருத்துவார். ஊரைப் பற்றி ஒரு நாள் சொன்னபோது மட்டும் ஒன்றையும் திருத்தவில்லை. தன்னுடைய ஆட்களும் இப்படி ஒரு வருடம் செய்தி கேட்டுக்கொண்டு இருந்தவர்கள்தான் என்றார். ரீக்கு வேண்டாம் சொல்வதையும் ஒரு மாதிரி விட்டுவிட்டேன். வேறு வழியில்லை, அந்த மனுசி இரண்டாம் தரம் கேட்காது.

அடுத்த குளிர்காலம் தொடங்கும்போது காது வைத்தியர் ரீச்சருக்குச் சொல்லிவிட்டார், மிச்சம் இருக்கிற கேட்கும் சக்தியும் மெல்ல மெல்லப் போகிறது, இன்னும் கொஞ்சக் காலத்தில் எந்த மெஷினும் உதவாது என்று. ரீச்சர் அதை எனக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார். பிறகு, இனி வரும் வெள்ளிக்கிழமைகளில் ஒன்றையும் விடக்கூடாது என்றார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறித்தான் இருந்தது.

அப்படிச் சொன்னவர் என்ன செய்தார் தெரியுமா? டிசம்பரில் இங்கே நாலரைக்கே பொழுது போய்விடும். அன்றைக்கு எங்கள் றெயின் பிந்திவிட்டது. நான் ஓடி வந்து சேர்ந்தபோது சபாத் தொடங்கிவிட்டது. இவர் மத்தியானம் மெஷினைக் கழற்றி, பற்றறியையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, நல்ல நித்திரை. எழும்பியபோது வெளியே இருட்டு. பற்றறி கட்டிலுக்கு அடியில் எங்கேயோ உருண்டு போய்விட்டது. வெறும் மெஷினைக் கையில் பொத்திக்கொண்டு மண்டபத்துக்கு வந்து தன் கதிரையில் இருந்தார். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது.

ஓதுவார் கிண்ணத்தை நிரப்பிவிட்டு ரீச்சரைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். சாடை சொல்லக்கூட அவருக்கு அன்றைக்குச் சொல் கிடைக்கவில்லை. கிழவர்கள் பின்னல் பாணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. பிந்தி வந்த றெயினில் கோபம், நித்திரை கொண்ட ரீச்சரில் கோபம், கூரையைப் பார்க்கும் ஓதுவாரில் கோபம். கையைத் துடைத்துவிட்டு மேலே போய் லாச்சியைத் திறந்து பற்றறியை எடுத்தேன். இந்த முறை ஓடவில்லை. எனக்காக என்று சொல்வது, சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பது, பொய் என்றால் அந்தப் பாவம் எனக்கு, அவருடைய கடவுள் என்னை ஒன்றும் கேட்கமாட்டார் என்று படியில் இறங்கும்போதே முடிவெடுத்துக்கொண்டேன்.

மெஷினை அவர் கையிலிருந்து எடுத்துப் பற்றறியைப் போட்டுக் காதில் வைத்தேன். ரீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஆருக்காகப் போட்டனீங்கள்?"

"எனக்காக" என்றேன். கொப்பி அடித்த பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். மற்றக் கையைக் காதுக்குக் கொண்டுபோனார், கழற்றுவதற்கு. அப்போதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது.

"எனக்காகத்தான். கழட்டாதேங்கோ" என்று சத்தம் போட்டேன். "ஒரு கிழமையா நான் ஒருத்தரோடையும் கதைக்கேல்ல. என்ர மனுசன் வேலையால வர நான் நித்திரை, நான் வெளிக்கிட அவர் நித்திரை. மகள் போன் எடுக்கிறது குறைவு. நீங்கள் ஒராள்தான் என்னை என்னெண்டு கேக்கிறது. அந்தப் பத்து நிமிசத்தை நினைச்சுக்கொண்டுதான் நான் றெயின் ஏறுறன். இண்டைக்கு நித்திரை கொண்டு அதையும் கெடுத்துப்போட்டியள். உங்கட பாட்டு எனக்குத் தேவையில்லை. சாப்பாடு முடிய என்னோட கதைக்கிறதுக்கு உங்களுக்குக் காது வேணும். அதுக்குத்தான் போட்டனான்."

இதையெல்லாம் எனக்குத் தெரிந்த உடைந்த ஜெர்மனில், கரண்டிச் சத்தம்கூட இல்லாத மண்டபத்தில், நாற்பது கிழவர் கிழவிகளுக்கு முன்னால் சொன்னேன். சொல்லி முடிந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்ததில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

ரீச்சரின் கை காதிலிருந்து கீழே இறங்கியது. மெஷின் காதிலேயே இருந்தது. ஓதுவாரைப் பார்த்து, தொடங்கச் சொல்லித் தலையசைத்தார். ஓதுவார் தொண்டையைச் செருமினார். அவரும் மனிதர்தானே, முதல் வரி கொஞ்சம் நடுங்கியது. ரீச்சர் மேசையில் தட்டவில்லை.

சாப்பாடு முடிந்து மற்றவர்கள் போன பிறகு என்னைப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். நான் ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "ஃப்யூர் மிர் இல்லை, ஃப்யூர் மிஹ்" என்றார். எனக்காக என்பதை நான் பிழையாகச் சொன்னேனாம். நாற்பது பேருக்கு முன்னால் நான் நெஞ்சைத் திறந்து கொட்டினால் இந்த மனுசிக்கு அதில் பட்டது வேற்றுமை உருபு. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு தரம் சரியாகச் சொல்லிக் காட்டினேன். அதற்குப் பிறகுதான், "அந்தச் சொல்லை நீங்கள் அதிகம் பாவிக்கிறதில்லை போல" என்றார்.

அன்றைக்குப் பாடி முடித்து வீட்டுக்கு வெளிக்கிட்டபோது ஓதுவார் வாசலில் நின்று, நாளைக்கு மழை பெய்யக்கூடும் என்றார். இது எதற்கான சாடை என்று நான் உடனே யோசிக்கத் தொடங்கினேன். மனிதர் உண்மையாகவே மழையைப் பற்றித்தான் சொன்னாராம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ரீச்சர் ஒரு வெள்ளிக்கிழமையையும் விடவில்லை. கோடை வரக் காது முற்றாகப் போய்விட்டது. புதுப் பற்றறி போட்டாலும், மெஷினை மாற்றினாலும், ஓதுவார் காதுக்குள் வாயை வைத்துப் பாடினாலும் ஒன்றுமில்லை. மெஷினைத் துணியில் சுற்றி லாச்சிக்குள் வைத்துவிட்டார். நாங்கள் தாளில் எழுதிக் கதைத்தோம், சபாத்தில் அதுவும் இல்லை. ஓதுவாரின் சிக்கல் மட்டும் தீர்ந்துவிட்டது. கேட்காதவருக்காக ஓத முடியாது, ஓதத் தெரிந்தவர் தானே ஓத வேண்டும், இதில் இரண்டு கருத்தில்லை. ரீச்சர் அப்போதும் மாட்டேன் என்றுதான் நின்றார். பல வெள்ளிக்கிழமைகளில் மேலே தன் அறையில் தனியாக இருந்து வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுக் கொஞ்சம் பாண் சாப்பிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் தெரிந்த மனுசி, தனக்காகச் சத்தமாக நாலு வரி சொல்வதற்கு என்ன கேடு என்று சலவை வண்டியிடம் திட்டினேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கீழே இறங்கி வந்தார். ஓதுவார் மற்றவர்களுக்காகப் பாடி முடித்துவிட்டு, இன்னொரு கிண்ணத்தை நிரப்பி அவர் முன்னால் வைத்தார். ரீச்சர் கதிரையைப் பின்னால் தள்ளினார். எழும்பி, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினார்.

பாட்டு என்று சொல்ல ஏலாது. காது கேட்காதவரின் குரல், ஒரு இடத்தில் கத்தலாகவும் இன்னொரு இடத்தில் காற்றாகவும் போனது. கணவரின் மெட்டாக இருக்க வேண்டும், ஓதுவார் பாடுவது அப்படி இருக்காது. ஓதுவார் ஒரு விரலாலும் மேசையில் தட்டவில்லை. நான் குசினிக் கதவில் சூப் பானையோடு நின்றேன், பானை சுட்டது, வைக்கவில்லை. முடிந்ததும் எல்லோரும் ஆமேன் என்றார்கள். ரீச்சருக்கு அது தெரியவில்லை. தன் வாயிலிருந்து சத்தம் வந்ததா இல்லையா என்றே அவருக்குத் தெரியாது. மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியாக என்னைப் பார்த்தார்.

"கேட்டதோ?" என்று கேட்டார்.

ஜெர்மனில் சொன்னால் என்ன, தமிழில் சொன்னால் என்ன, அவருக்கு ஒன்றுதான். தமிழில் என்றால் திருத்தவும் முடியாது.

"கேட்டது" என்றேன். "எனக்குக் கேட்டது."